பலகை எழுதும் முன்

அன்புள்ள ஐயா,

வீட்டிலேயே துணிப்பை தைத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதையே தொழிலாகச் செய்யலாம் என்று இருக்கிறேன். பெயர்தான் அமையவில்லை. கேட்டவுடன் தொழில் தெரிய வேண்டும், 'துணிப்பை உலகம்' என்று வை என்கிறார் கணவர். பிள்ளைகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'வி.எஸ்.என். பேக்ஸ்' என்று வைக்க எனக்கு ஆசை. மகள் 'தாழை', 'குருவி' என்று இரண்டு சொல்கிறாள். எதை வைப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் ஆசையில்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளின் எழுத்துகள் உங்களுக்கு இனிக்கும். வாங்க வருபவருக்கு அது வி.எஸ்.என்னா, வி.என்.எஸ்ஸா என்று மறுநாளே குழம்பிவிடும். ஐ.பி.எம். நிலைக்கவில்லையா என்று கேட்கலாம். மூன்று எழுத்தை ஊர் வாயில் ஏற்றும் அளவுக்கு அவர்களிடம் பணமும் ஆளும் இருந்தது.

கணவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நாளைக்கே இன்னொருவர் 'துணிப்பை இல்லம்' என்று ஆரம்பித்தால் தடுப்பது கஷ்டம். விற்கும் பொருளையே சொல்லும் சொல்லை ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுக்க டிரேட்மார்க் சட்டம் பொதுவாக இடம் தராது. பிறகு வேறு பொருள் தைத்தால் பெயர் இடிக்குமே என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். அதை நான் அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. காலை 7 முதல் இரவு 11 வரை திறந்திருப்பதைச் சொல்ல 1946-இல் 'செவன் இலெவன்' என்று பெயர் மாறிய கடைகளில் பல இப்போது விடிய விடியத் திறந்திருக்கின்றன. யாரும் சண்டைக்குப் போகவில்லை.

இதற்கு நேரெதிர், யாரும் கேட்டிராத சொல்லை நாமே உண்டாக்குவது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் தன் கேமராவுக்கு 'கோடக்' என்று வைத்தது அப்படித்தான். சட்டத்தின் முன் அதைவிட வலுவான பெயர் இருக்க முடியாது. ஆனால் அது என்னவென்று ஊருக்குச் சொல்ல விளம்பரத்தில் பணத்தைக் கொட்ட வேண்டும். நமக்குக் கட்டாது.

ஆக, எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் தொழிலோடு ஒட்டாத ஒரு சொல். கணினிக்கு 'ஆப்பிள்' என்று வைத்த மாதிரி. உங்கள் மகள் இதை யோசிக்காமலே பிடித்துவிட்டாள்!

இனி அவள் சொன்ன இரண்டில் எது? ஒரு வேலை செய்யுங்கள். பழக்கமில்லாத யாருக்காவது போன் போட்டுப் பெயரை ஒரே முறை சொல்லி, ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஜெஃப் பெசோஸ் 1994-இல் தன் நிறுவனத்துக்கு முதலில் வைத்த பெயர் 'கடாப்ரா'. போனில் கேட்ட வக்கீல் காதில் அது பிணத்தைக் குறிக்கும் 'கடாவர்' என்று விழுந்தது. அப்புறம்தான் அமேசான் வந்தது. 'தாழை'யை இந்தச் சோதனைக்கு விட்டால் 'ழ'வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார். 'தா'வுக்கு எச் உண்டா, ஏ ஒன்றா இரண்டா என்பது தனி. இணையத்தில் உங்களைத் தேடுபவர் வேறெங்கோ போய் நிற்பார். நல்ல பெயர்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். 'குருவி'யைப் பெரும்பாலும் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்.

என் ஓட்டு குருவிக்கு. ஆனால் பலகைக்குச் சொல்லும் முன் டிரேட்மார்க் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். நிறுவனமாகப் பதிந்துவிட்டால் பெயர் நமதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. டிரேட்மார்க்கை எந்தப் பொருளுக்கு என்று வகுப்பு வகுப்பாகத்தான் பதிவார்கள். பல நாடுகள் இதற்குப் பின்பற்றும் நீஸ் வகைப்பாட்டில் பொருள்களுக்கு 34, சேவைகளுக்கு 11 என்று 45 வகுப்புகள். கைப்பைகள் 18-இல் வரும், உடைகள் 25-இல். உடை தைக்கும் எண்ணம் துளியாவது இருந்தால் இரண்டிலும் தேடுங்கள். பீட்டில்ஸ் என்ற பாட்டுக் குழுவின் ஆப்பிள் நிறுவனம் 1978-இல் கணினி ஆப்பிள் மீது வழக்குப் போட்டது. இசைத் தொழில் பக்கம் வருவதில்லை என்று 1981-இல் சமாதானமானார்கள். கணினிக்காரர்கள் பின்னாளில் பாட்டு விற்கப் போக, தகராறு 2007 வரை இழுத்தது.

குருவியை ஏற்கெனவே யாராவது எடுத்திருந்தால், அதையே கொஞ்சம் நீட்டி 'குருவீ' என்று எழுதும் யோசனை மட்டும் வேண்டாம். காதுக்கு ஒன்றாகக் கேட்டாலே ஆட்சேபம் வரும். மகளிடம் இன்னொரு பெயர் கேளுங்கள். குருவியே கிடைத்துவிட்டால் பெரிய எழுத்தில் 'குருவி', அதன் கீழே சின்னதாக 'துணிப்பைகள்' என்று எழுதுங்கள். கணவர் கேட்டதும் வந்துவிடும்.