மிதிபட்ட சூயிங்கம்மில் ஓவியம்: வாசகர் கேள்வி பதில்

பிரிட்டனின் தெரு ஓவியர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பென் வில்சன் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சில:

வாசகி, கும்பகோணம்: தெரு ஓவியர் பாங்ஸியை உலகமே கொண்டாடுகிறது. யார் இந்த பென் வில்சன்? அப்படி என்ன செய்துவிட்டார்?

யாரோ துப்பி, ஊரே மிதித்து, கல்லோடு கல்லாகக் கறுத்துப்போன சூயிங்கம்மின் மேல் படம் வரைகிறார். ஒரு நாணயம் அளவுக்குத்தான் இடம். அதற்குள் ஒரு பூனை இருக்கும், ஒரு கடைத்தெரு இருக்கும், யாரோ இரண்டு பேரின் பெயர் இருக்கும்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். நடைபாதையில் விரிப்பைப் போட்டுப் படுத்துக்கொள்வார். சின்ன கேஸ் டார்ச்சால் சூயிங்கம்மைச் சூடாக்குவார். அதன்மேல் லாக்கர் என்ற வார்னிஷ் போன்ற பூச்சை அடிப்பார். பிறகு அக்ரிலிக் எனாமல் பெயின்ட், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பூச்சு. அப்புறம்தான் வண்ணமும் மெல்லிய தூரிகையும். படம் முடிந்ததும் நிறமில்லாத லாக்கரை மேலே பூசி மூடிவிடுவார். சில படங்கள் சில மணி நேரத்தில் முடியும், சிலது மூன்று நாள்கூட இழுக்கும். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். பெரிய சுவரில் கை தவறினால் எப்படியாவது சரிக்கட்டலாம். இந்த அளவில் மயிரிழை விலகினாலும் முகமே மாறிவிடும். இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேல் வரைந்திருக்கிறார்.

பாங்ஸியின் கைத்திறனில் எனக்குக் குறையே இல்லை. அவர் படங்களுக்கு நேர்வதுதான் மனதை அறுக்கிறது. வடக்கு லண்டனில் வுட் கிரீன் என்ற பகுதியில், ஒரு கடைச் சுவரில், சிறுவன் ஒருவன் தையல் மெஷினில் பிரிட்டிஷ் கொடித் தோரணம் தைப்பதுபோல 2012இல் வரைந்தார். அடுத்த ஆண்டே சுவரோடு பெயர்த்து மயாமியில் ஏலத்துக்கு வைத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்ததில் அந்த ஏலம் நின்றது. ஆனாலும் சில மாதங்களில் லண்டனிலேயே விற்றுவிட்டார்கள். தெருவில் போகிறவர்களுக்கென்று வரைந்த படத்தை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வில்சன் வரைந்து குவித்த மஸ்வெல் ஹில் பகுதியும் வுட் கிரீன் இருக்கும் அதே ஹாரிங்கே நகராட்சியில்தான் இருக்கிறது. அவர் படங்கள் வரைந்த இடத்திலேயே கிடந்து, அங்கேயே தேய்கின்றன.

வாசகர், திருநெல்வேலி: பொது இடத்தில் வரைவது சட்டப்படி குற்றம் ஆயிற்றே?

நடைபாதையில் வரைந்தால் குற்றம். அதில் ஒட்டிக் கிடக்கும் சூயிங்கம் யாருடைய சொத்து? இதுதான் அவருடைய வாதம். அதனால் வண்ணம் சூயிங்கம்மின் விளிம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனதும் உண்டு. இருந்தும் அவர் நிறுத்தவில்லை.

வாசகர், மதுரை: அவருக்கு குரு யார்? யாருடைய பாதிப்பு அதிகம்?

1963இல் கேம்பிரிட்ஜில் பிறந்து, வடக்கு லண்டனின் பார்னெட்டில் வளர்ந்தவர். ஓவியக் கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டார். அப்புறம் நெடுங்காலம் மரச் சிற்பம்தான். பின்லாந்து, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் மரத்தில் பெரிது பெரிதாகச் செய்தார். முறையாகப் பயிலாத கலைஞர்களுக்கென்றே அமெரிக்காவின் பால்டிமோரில் இருக்கும் விஷனரி ஆர்ட் மியூசியத்தின் தோட்டத்திலும் அவருடைய மரவேலை இருக்கிறது.

அப்படிப்பட்டவரைத் தரைக்கு இறக்கியது நகரத்தின் மேல் வந்த கோபம். எங்கே திரும்பினாலும் விளம்பரம், குப்பை, கார். விளம்பரப் பலகைகள் மேலேயே வரைந்து பார்த்தார், வம்புதான் வந்தது. 1998இல் முதல் சூயிங்கம் படங்கள். 2004 அக்டோபரிலிருந்து அதுவே முழுநேர வேலை. ஆனால் இன்று அவர் படங்களில் நான் அதிகம் பார்ப்பது கோபத்தை அல்ல, அக்கம்பக்கத்து மனிதர்களை. வழியில் போகிறவர்கள் நின்று பேசுவார்கள். குழந்தை பிறந்திருக்கிறது, அம்மா இறந்துவிட்டார், காதலியிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பார்கள். அதையெல்லாம் கேட்டு வரைந்து கொடுப்பார். குரு என்று சொன்னால் இந்த வழிப்போக்கர்களைத்தான் சொல்வேன்.

வாசகி, சென்னை: என் மகன் லண்டனில் இருக்கிறான். எங்கே போய்ப் பார்க்கச் சொல்லட்டும்?

மிலேனியம் பாலத்துக்குப் போகச் சொல்லுங்கள். செயின்ட் பால் தேவாலயத்திலிருந்து டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்குப் போகும் நடைபாலம் அது. எல்லோரும் தேவாலயத்தின் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். உங்கள் மகன் குனிந்து, தளத்து அலுமினியத் தகடுகளின் வரிப்பள்ளங்களைத் தேட வேண்டும். சூயிங்கம் அங்கேதான் சிக்கி நிற்கும். நேரம் இருந்தால் மஸ்வெல் ஹில் கடைவீதிக்கும் போகலாம். நீராவி அடித்துத் தரையைக் கழுவினால் படங்கள் போய்விடும், அதனால் தள்ளிப்போட வேண்டாம். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுக்கட்டும், அப்போதுதான் அளவு புரியும். எனக்கும் ஒன்று அனுப்புங்கள், அடுத்த இதழில் போடலாம்.