வெட்டவெளியில் கொசுவலை: வலைக்குள் படுத்தும் கடி வாங்குவது ஏன்?

கேள்வி: முகாமுக்குப் போனபோது கூடாரம் போடாமல், இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி வீட்டுக் கொசுவலையைத் தொங்கவிட்டுப் படுத்தோம். வலையில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனாலும் விடிவதற்குள் முழங்கை, கணுக்கால் எல்லாம் தடிப்பு. வேறு வலை வாங்க வேண்டுமா?

பதில்: கடி விழுந்த இடங்களைப் பார்த்தால் குறை வலையில் இல்லை, கட்டிய விதத்தில்தான் என்று தெரிகிறது. முழங்கையும் கணுக்காலும் தூக்கத்தில் வலையோடு ஒட்டிக்கொள்ளும் பாகங்கள். கொசு உள்ளே வந்தாக வேண்டும் என்பதில்லை. வெளிப்பக்கம் வலைமேல் உட்கார்ந்து, கண் வழியாக ஊசியை இறக்கிவிடும். உடம்புக்கும் வலைக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதற்கு எட்டாது.

வீட்டில் நாலு மூலையிலும் கட்டுவதால் வலை பெட்டிபோல் நிற்கிறது. ஒரே கயிற்றில் தொங்கவிட்டால் ஓட்டுக்கூரைபோல் சரிந்து, நடுவில் தொய்ந்து, படுத்திருப்பவர் மேல் விழுகிறது. இதற்கு இரண்டு கழிகள் போதும். வலையின் அகலம் எவ்வளவோ அவ்வளவு நீளக் கழி, தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று. வலையின் மேல் மூலைக் காதுகளைக் கழியின் இரு முனைகளிலும் கட்டுங்கள். கழியை நடுவில் மட்டும் கயிற்றோடு கட்டினால் தராசுபோல் ஒரு பக்கம் சாயும். அதனால் இரு முனைகளிலிருந்தும் கயிறு எடுத்து, சட்டை மாட்டும் ஹேங்கர்போல் முக்கோணமாக மேல்கயிற்றில் சேர்த்துக் கட்டுங்கள். முடிச்சு நழுவாமல் இருக்க, மேல்கயிற்றை அந்த இடத்தில் ஒருமுறை சுற்றிவிட்டு இறுக்க வேண்டும்.

அடுத்து உயரம். பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் இதுதான். உட்கார வசதியாக இருக்கட்டும் என்று வலையைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள். அப்போது கீழ் ஓரம் தரையை உரசிக்கொண்டு நிற்குமே தவிர, செருகத் துணி மிஞ்சாது. வலையின் உயரத்தில் 30 செ.மீ.யைச் செருகுவதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். 150 செ.மீ. உயர வலை என்றால் அதன் மேல்பகுதி தரையிலிருந்து 120 செ.மீ.யில் இருக்க வேண்டும். அதற்குள் நிமிர்ந்தே உட்காரலாம். நீளம், படுப்பவரின் உயரத்தைவிட 40 செ.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். ஆளுக்கு 1 மீட்டர் அகலம் குறைந்தபட்சம்.

இனி அடிப்பக்கம். முகாமுக்கு எடுத்துப்போகும் பாய் பெரும்பாலும் 50, 60 செ.மீ. அகலம்தான் இருக்கும். வீட்டில் மெத்தைக்கு அடியில் செருகுவதுபோல் அந்தப் பாய்க்கு அடியில் செருகினால், சுவர் உள்நோக்கி இழுபட்டு நேராகத் தோளில் வந்து படும். உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும். வலையின் அடி அளவுக்கே ஒரு தரைவிரிப்பைப் போட்டு, ஓரத்தைச் சுற்றிலும் அந்த விரிப்புக்கு அடியில் செருகுங்கள். பாய் நடுவில் இருக்கட்டும். நாலு மூலைக்கும் உள்பக்கமாகச் செருப்பு, தண்ணீர் பாட்டில், பை எதையாவது பாரம் வையுங்கள். நீளப் பக்கங்களில் துணியைச் சுருட்டி வைக்கலாம். வெளியே கல் அடுக்குவது பயன்படாது. இரண்டு கல்லுக்கு நடுவே வலை எழும்பி நிற்கும், கொசுவுக்கு அந்த இடைவெளி போதும்.

இருட்டுவதற்கு முன்பே கட்டி, சுற்றிலும் செருகிவிடுங்கள். உள்ளே நுழைய ஒரே ஒரு பக்கம், அதையும் முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். நுழையும்போது டார்ச் அணைந்திருக்கட்டும், வெளிச்சம் மற்ற பூச்சிகளைக் கூப்பிடும். ஓரத்தைச் செருகிய பிறகு விளக்கைப் போட்டு மேல் மூலைகளைப் பாருங்கள். கூடவே நுழைந்த கொசு பெரும்பாலும் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

சதுர அங்குலத்துக்கு 156 கண் உள்ள வலை சாதாரணக் கொசுவுக்குப் போதுமானது. வலை எங்கும் படாமல் இருந்தும் உடம்பெல்லாம் பொடிப்பொடியாகக் கடி என்றால் அது கொசுவாக இருக்காது. மணல் ஈ மாதிரியான சிறு பூச்சியாக இருக்கலாம். அதற்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும். காற்று குறையும், புழுக்கம் இருக்கும், ஆனால் மணல் ஈ சில பகுதிகளில் காலா அசார் என்னும் கருங்காய்ச்சல் நோயைப் பரப்புவது என்பதால் அந்தப் புழுக்கத்தைத் தாங்கிக்கொள்வதே நல்லது. பூச்சிமருந்து ஊட்டிய வலை இரண்டுக்கும் கூடுதல் பாதுகாப்பு. புதிய வலையைப் பிரித்ததும் 24 மணி நேரம் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். வெயிலில் காயப்போட்டால் மருந்தின் வீரியம் போகும். ஓடையிலோ குளத்திலோ அலசவே கூடாது, அந்த மருந்து மீன்களைக் கொல்லும்.

பனியும் தூறலும் இருந்தால் நனைந்த வலை கனத்துத் தொய்யும். பருத்தி வலை இதில் மிக மோசம், பாலியஸ்டர் பரவாயில்லை. மேலே தார்ப்பாய் கட்டுங்கள், வலைக்கும் அதற்கும் 30 செ.மீ. இடைவெளி விட்டு. கயிறு வழியாக வரும் தண்ணீரை நிறுத்த, தார்ப்பாய்க்கு அடியில், வலைக்கு ஒரு சாண் முன்னால் கயிற்றில் துணி நாடா ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும்.

நெருப்பை வலைக்கு அருகில் கொண்டுவரவே கூடாது. நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, அடுப்பு எதுவும் வேண்டாம். கணப்புத் தீ மூட்டினால் பொறி வலைப் பக்கம் வராதபடி காற்றின் திசை பார்த்துத் தள்ளி மூட்டுங்கள்.

ஹேமக்கில், அதாவது மரங்களுக்கு நடுவே கட்டும் தூளிப் படுக்கையில், படுப்பவர்களுக்கு முதுகில்தான் கடி விழும். மெல்லிய துணி உடம்போடு இறுகி ஒட்டியிருப்பதால் கொசு அதன் வழியாகவே குத்தும். அடிப்பக்கத்தையும் சேர்த்து மூடும் வலையோ, முதுகுக்கு அடியில் ஒரு தடித்த பாயோ தேவை.

ஊசியும் நூலும் பையில் இருக்கட்டும். விரல் நுழையும் அளவு ஓட்டை விழுந்தால், அதைச் சுற்றியுள்ள வலையைக் கிள்ளிக் கூம்பாக இழுத்து, அடியில் நூலை நாலைந்து சுற்று சுற்றி முடிச்சுப் போட்டால் அன்றைய இரவு ஓடிவிடும். காலையில் வலையை உதறி, ஈரம் போன பிறகே மடியுங்கள். அவசரத்தில் ஈரத்தோடு சுருட்டியிருந்தால், வீடு வந்ததும் முதல் வேலையாகப் பிரித்து நிழலில் விரித்துவிடுங்கள்.