திரையில் கண்ட நிறம் அச்சில் ஏன் மங்குகிறது?

கணினித் திரையில் பளிச்சென்றிருந்த கடைச் சின்னத்தின் நீலம் விசிட்டிங் கார்டில் ஓரளவும் லெட்டர்ஹெட்டில் இன்னும் கூடுதலாகவும் மங்கியதற்கு அச்சகம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. ஆஃப்செட் அச்சோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய 4 மைகளைத் தாளின்மேல் நுண்புள்ளிகளாகப் பதிப்பதால், ஒளிரும் நீலமும் கிளிப்பச்சையும் அந்த மைகளின் எல்லைக்குள் அடங்குவதில்லை. விசிட்டிங் கார்டுக்குப் பயன்படும் பூச்சுள்ள ஆர்ட் தாளில் மை மேற்பரப்பிலேயே நிற்கும். லெட்டர்ஹெட்டுக்குப் பயன்படும், பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சிக்கொள்வதால் அதே நிறம் அங்கே சோர்ந்து தெரியும். ஆகவே சின்னத்தை வரையும்போதே அச்சு மைகளில் எப்படி வரும் என்று பாருங்கள். பில் புத்தகம் பெரும்பாலும் ஒரே மையில்தான் அச்சாகும் என்பதால், வெறும் கறுப்பிலும் சின்னம் அடையாளம் தெரிய வேண்டும். பான்டோன் என்ற நிற அட்டவணையின் எண்ணைக் குறிப்பிட்டுத் தனி மை கலக்கச் சொல்லலாம், ஆனால் 500 கார்டுகளுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது என்பது என் கருத்து.

இன்னொன்று: தமிழ் எழுத்துகளை வடிவக் கோடுகளாக (அவுட்லைன், அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைபடமாக) மாற்றி அனுப்புங்கள். அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பும் புள்ளியும் இடம்மாறி, கடைப்பெயரே வேறாகிவிடக்கூடும்.