ஆண்கள் வார்டில் அம்மாவுக்கு இடமில்லை

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. தலசீமியா மேஜர், உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பரம்பரை நோய். ஒரு வயது முடிவதற்குள் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரையில் குழந்தைகள் வார்டில்தான் ரத்தம் ஏற்றுகிறோம். 18 முடிந்ததும் பெரியவர்கள் பிரிவுக்குப் போகச் சொல்லிவிட்டார் டாக்டர். ஆண்கள் வார்டில் என்னைத் தங்க விடமாட்டார்களாம். இரும்பு குறைக்கும் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தால், கொல்லைப்பக்கம் போய் வேலியோரம் ஊற்றிவிட்டு வெறும் டம்ளரோடு வருகிறான். பிளஸ் டூ முடித்ததும் அப்பாவோடு கடலுக்குப் போவேன் என்கிறான். மூத்தவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கிறோம். இன்னும் இரண்டு வருடம் குழந்தைகள் வார்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி எப்படிக் கேட்பது?
- ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, சில மாதம் தள்ளிவைக்கக் கேட்டுப் பாருங்கள். இரண்டு வருடம் கேட்காதீர்கள். வயது ஏற ஏற இந்த நோயில் கவனிக்க வேண்டியவை இருதயம், ஈரல், சர்க்கரை, தைராய்டு, எலும்பு. அதற்கெல்லாம் பொது மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும்தான் சரியான ஆட்கள்.

வார்டைவிட உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. மகனின் ரத்த வகை, உடம்பில் தேங்கிய இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் கடைசியாக எடுத்தபோது எவ்வளவு, மாத்திரை எத்தனை மில்லிகிராம், எந்த வருடம் ரத்தம் ஏறும்போது குளிர் வந்து நிறுத்தினார்கள், எல்லாம் உங்கள் தலையில்தான் இருக்கும். ஆண்கள் வார்டு வாசலில் உங்களை நிறுத்தினால் அத்தனையும் உங்களோடு வாசலிலேயே நின்றுவிடும். அடுத்த முறையிலிருந்து டாக்டர் கேட்கும்போது நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவன் திணறட்டும், பரவாயில்லை. விட்டுப்போனதை வெளியே வந்தபிறகு சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கத்தான் செய்யும்.

இப்போதைய டாக்டரிடம் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வாங்குங்கள். ரத்த வகையும் துணை வகைகளும், ஏற்றிய ரத்தத்தை எதிர்க்கும் ஆன்டிபாடி ஏதும் உண்டா, ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் வழக்கமாக எவ்வளவு (9.5 முதல் 10.5 வரை இருந்தால் நல்லது), இருதயத்துக்கும் ஈரலுக்கும் இரும்பு பார்க்கும் டி2 ஸ்டார் எம்.ஆர்.ஐ. எப்போது எடுத்தது, மண்ணீரல் இருக்கிறதா எடுத்தாயிற்றா, மஞ்சள் காமாலை வைரஸ், எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள், போட்ட தடுப்பூசிகள். இத்தனையும் அதில் வரவேண்டும். படம் பிடித்து அவன் செல்போனிலும் வைக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தாளின் தலையில் சிவப்பு மையில் ஒரு வரி: 'இரும்புச்சத்து மருந்து கொடுக்கக் கூடாது.' புது இடத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்று பார்த்ததும், நோய் தெரியாதவர்கள் இரும்பு டானிக்கோ ஊசியோ எழுதிவிடுவதுண்டு. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையும் அதே இரும்புதான்.

மாத்திரையை வேலியில் ஊற்றும் தம்பிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். தம்பி, ஒரு பை ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உனக்குள் போகிறது. உடம்பு தானாக வெளியேற்றுவது நாளைக்குச் சுமார் ஒரு மில்லிகிராம். மிச்சம் இருதயத்திலும் ஈரலிலும் படியும். வலிக்காது, ஒன்றும் தெரியாது. தெரியவரும்போது இருதயம் தளர்ந்திருக்கும். கரைத்துக் குடிக்கிற டெஃபராசிராக்ஸ் வாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் அதிலேயே முழுங்குகிற மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேள். இரண்டுக்கும் அளவு வேறு, நீயாக மாற்றாதே.

சரி, கடிதத்தில் இவன் அப்பா எங்கே? ஆண்கள் வார்டில் அவர் தங்கலாமே! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு என்றால் அவர் கரையில்தான் இருப்பார். புது டாக்டரை முதலில் பார்ப்பதை அந்த நாட்களில் வைத்துக்கொண்டு, அவரையே கூட அனுப்புங்கள். ராமநாதபுரத்திலும் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ரத்தம் ஏற்றுவதை அங்கே செய்துகொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரையில் காட்டினால் போதுமா என்று இரண்டு பக்க டாக்டர்களிடமும் கேளுங்கள். இருவரும் ஒத்துக்கொண்டால் மட்டும் மாற்றுங்கள். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016-இல் தலசீமியாவும் உண்டு. அடையாள அட்டை வாங்கவில்லை என்றால் விண்ணப்பித்துவிடுங்கள்.

கடல் விஷயத்தில் எடுத்த எடுப்பில் 'கூடாது' என்றால் வேலியில் ஊற்றுவது கூடத்தான் செய்யும். இருதயத்தையும் எலும்பையும் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும். வலை இழுப்பது லேசான வேலை இல்லை. ரத்தம் ஏற்ற வேண்டிய நாள் நெருங்க நெருங்க அவனுக்கு மூச்சு வாங்கும். இன்னொன்று, கடற்கரைக்காரர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டியது. உடம்பில் இரும்பு தேங்கியவர்களுக்குக் கடல்தண்ணீரில் இருக்கும் விப்ரியோ கிருமி மற்றவர்களைவிட ஆபத்து. சிப்பி கிழித்த கால், கெளிறு முள் குத்திய கை, எதுவானாலும் உடனே நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. போனதும் முதல் வார்த்தை 'எனக்குத் தலசீமியா'. புண் ஆறாமல் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

மூத்தவளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீங்களும் உங்கள் கணவரும் இந்த நோயின் மரபணுவை, நோய் இல்லாமலே சுமப்பவர்கள். நல்ல ஆரோக்கியமாக இருக்கும் உங்கள் மகளும் சுமப்பவளாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. மாப்பிள்ளையும் அப்படி என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்குத் தம்பியின் நோய் வரும். சொந்தத்தில் பார்க்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம். பூ வைப்பதற்கு முன்பே அவள் சுமப்பவளா என்று காட்டும் ஹீமோகுளோபின் ஏ2 ரத்தப் பரிசோதனை எடுத்து, முடிவைத் தம்பியின் டாக்டரிடம் காட்டுங்கள். அவளுக்கு இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவே தேவையில்லை.