சாத்திய கதவும் ஊர்க்கூட்டமும்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். உலக நாடுகளின் அரசமைப்புகள் என்ற பாடத்தில் அமெரிக்காவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1787-இல் பிலடெல்பியாவில் 55 பேர் கூடி, கதவைச் சாத்திக்கொண்டு, நான்கு மாதத்துக்குள் எழுதி முடித்தார்கள் என்கிறது புத்தகம். அவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். ஆனால் முதல் வரியே 'மக்களாகிய நாங்கள்' என்று தொடங்குகிறது. எந்த மக்கள்? அவர்களை யார் கேட்டார்கள்? எனக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் தெரிகிறது. நீங்களோ முன்பு ஒரு கட்டுரையில், அமெரிக்க அரசமைப்பு ஊர்க்கூட்டங்களில் பிறந்தது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

கி. ம., விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் புத்தகம் சொல்வது சரிதான். மே 25-இல் தொடங்கி செப்டம்பர் 17-இல் முடித்தார்கள். வாசலில் காவல் நின்றது. உள்ளே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்று விதி. அங்கே கூடியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் நாள்தோறும் எடுத்த குறிப்புகள் அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1840-இல்தான் அச்சுக்கு வந்தன. உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் இந்தக் கதையை பிலடெல்பியாவில் தொடங்கினால் பாதிதான் கிடைக்கும். நான் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்குகிறேன்.

1629-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், மாசசூசெட்ஸ் பே கம்பெனி என்ற வியாபாரக் கம்பெனிக்கு ஒரு பட்டயம் கொடுத்தார். பங்குதாரர்கள் ஆண்டுக்கு நான்கு முறை கூடவேண்டும், ஆளுநரைத் தேர்ந்தெடுக்கவேண்டும், விதிகள் போட்டுக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. இப்படிப்பட்ட கம்பெனிகள் லண்டனில் இருந்துகொண்டு கடல் கடந்த நிலத்தை நிர்வாகம் செய்வதுதான் வழக்கம். இவர்கள் 1630-இல் கப்பல் ஏறியபோது பட்டயத்தையே கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனியின் பொதுக்கூட்டம் அங்கே போய் சட்டமன்றமாக மாறியது. பங்குதாரரைக் குறித்த சொல் வாக்காளரைக் குறிக்க வந்தது. இன்றைக்கும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் அதிகாரபூர்வப் பெயர் 'ஜெனரல் கோர்ட்'. அந்தக் கம்பெனிக் கூட்டத்தின் பெயர்தான் அது.

ஆள்பவரின் அதிகாரத்துக்கு எல்லை ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும், அந்தத் தாளை நாமே எடுத்துப் படித்துக் கேள்வி கேட்கலாம் என்ற பழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாக ஊறியது. கூடவே ஊர்க்கூட்டமும் வளர்ந்தது. ஊரில் உள்ள ஆண்கள் ஒரு கூடத்தில் கூடி, சாலைக்கு எவ்வளவு செலவு, பள்ளிக்கு யார் வாத்தியார், ஏழைகளுக்கு யார் கஞ்சி ஊற்றுவது என்று பேசி முடிவு செய்வார்கள். சட்டமன்றத்துக்குப் போகும் பிரதிநிதியிடம் இதற்கு ஆதரவு கொடு, அதை எதிர் என்று எழுதிக் கொடுத்து அனுப்புவதும் உண்டு.

1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதை உங்களுக்குத் தெரியும். நம் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை அது. அதற்குத் தண்டனையாக மறு ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மேலவையை இனி மன்னரே நியமிப்பார். ஆளுநர் அனுமதியில்லாமல் ஆண்டுக்கு ஒரு முறைக்குமேல் ஊர்க்கூட்டம் கூடாது. அதாவது, அவர்கள் தங்களுக்கு அரண் என்று நம்பியிருந்த பட்டயத்தை (1629-இன் பட்டயம் ரத்தான பிறகு 1691-இல் கிடைத்தது) எங்கோ ஒரு சபை ஒரே சட்டத்தால் திருத்திவிட்டது. மாநிலத்தின் மேற்குக் கோடியில் பெர்க்ஷைர் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே கிரேட் பாரிங்டன் ஊரில் 1774 ஆகஸ்டில் சுமார் 1,500 பேர் திரண்டு நீதிமன்றத்தை நடக்கவிடாமல் தடுத்தார்கள். அதற்குப் பிறகு விடுதலை அறிவிப்பும் வந்துவிட்டது. ஆனாலும் மக்கள் ஒப்புக்கொண்ட அரசமைப்பு வரும்வரை நீதிமன்றம் கூடக்கூடாது என்று பெர்க்ஷைர்க்காரர்கள் பிடிவாதமாக நின்றார்கள். மன்னர் போனால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று கேட்டார்கள்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1776 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் கீழவை ஊர்களுக்கு ஒரு கேள்வி அனுப்பியது: நாங்களே ஓர் அரசமைப்பை எழுதட்டுமா? கேட்டவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், போரை நடத்திக்கொண்டிருந்த தேசபக்தர்கள். சரி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. காங்கர்டு ஊர் மாட்டேன் என்றது. 1775-இல் பிரிட்டிஷ் படையோடு மோதிய அதே காங்கர்டுதான். அந்த ஊர்க்கூட்டம் எழுதிய பதிலின் சாரம் இது: ஆள்பவர்கள் நம் உரிமையில் கைவைக்காமல் காப்பதற்காக ஏற்படுத்துவதுதான் அரசமைப்பு. அதை எழுதுகிற அவைக்கு அதை மாற்றுகிற அதிகாரமும் இருக்கும். சட்டமன்றம் தன் விருப்பப்படி மாற்றக்கூடிய அரசமைப்பு குடிமக்களுக்குப் பாதுகாப்பே இல்லை. எனவே இந்த ஒரு வேலைக்காகத் தனியாக ஓர் அவையைத் தேர்ந்தெடுத்து, அது எழுதியதை மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பட்டயம் பறிபோனதை நேரில் பார்த்தவர்கள் எழுதிய பதில் இது. சாதாரண சட்டத்துக்கும் அடிப்படைச் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை இத்தனை தெளிவாகச் சொன்ன ஓர் ஊர்க்கூட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

சட்டமன்றம் கேட்கவில்லை. தானே ஒன்றை எழுதி 1778-இல் ஊர்களுக்கு அனுப்பியது. ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஊர்கள் அதை நிராகரித்தன. உரிமைகளின் பட்டியல் அதில் இல்லை என்பது பெரிய குறை. கறுப்பர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் ஓட்டில்லை என்று எழுதியிருந்ததைச் சில ஊர்கள் கண்டித்தன. அப்புறம்தான் தனி அவைக்குச் சம்மதம் வந்தது. 1779 செப்டம்பரில் கேம்பிரிட்ஜில் கூடிய அந்த அவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவும், அது எழுதுவதை ஏற்கவோ மறுக்கவோ ஓட்டுப் போடவும், சொத்து இல்லாத ஆண்களுக்கும் வழி திறந்தார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் திறக்கவில்லை. வரைவை எழுதியவர் ஜான் ஆடம்ஸ். இரண்டு அவைகள், மக்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் ஆளுநர், சட்டங்களைத் தடுக்க அவருக்கு மறுப்பதிகாரம், அவைகளில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் அதையும் தாண்டலாம், தவறு செய்யாதவரை பதவியில் நீடிக்கும் நீதிபதிகள். 1787-இல் பிலடெல்பியாவில் நீங்கள் பார்க்கும் உருவம் ஏற்கெனவே இங்கே இருக்கிறது. ஆடம்ஸ் அப்போது லண்டனில் தூதராக இருந்ததால் பிலடெல்பியாவுக்குப் போகவே இல்லை.

1780-இல் ஊர்கள் அனுப்பிய பதில்களை வாய்ப்புக் கிடைத்தால் படியுங்கள். விவசாயிகளும் கொல்லர்களும் உட்கார்ந்து பிரிவு பிரிவாக விவாதித்திருக்கிறார்கள். சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட சொத்துத் தகுதி வைத்ததை நார்தாம்ப்டன் எதிர்த்தது. மதபோதகர்களுக்கு ஊர்ப் பணத்தில் சம்பளம் என்ற மூன்றாம் பிரிவுக்குக் கடும் எதிர்ப்பு. அந்தப் பிரிவுக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு உண்மையிலேயே கிடைத்ததா, எண்ணியவர்கள் தாராளமாக எண்ணினார்களா என்று வரலாற்றாசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். ஹார்ட்விக் என்ற சிற்றூர் முதல் பிரிவிலேயே கைவைத்தது. 'எல்லா மனிதர்களும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள்' என்றால் போதாது, பிற்காலத்தில் வேறு பொருள் சொல்லிவிடுவார்கள், 'வெள்ளையர், கறுப்பர் எல்லோரும்' என்று சேருங்கள் என்றது. சேர்க்கவில்லை. அந்த அரசமைப்பு, பல திருத்தங்களோடு, இன்றும் நடப்பில் இருக்கிறது.

இப்போது உங்கள் 55 பேருக்கு வருகிறேன். அப்போது நாடு 'கூட்டமைப்பு விதிகள்' என்ற முந்தைய அடிப்படைச் சட்டத்தின்கீழ் இருந்தது. அந்த விதிகளைத் திருத்த 13 மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிலடெல்பியாவில் கூடியவர்கள் அதை ஒதுக்கிவிட்டு, தாங்கள் எழுதியதன் ஏழாம் பிரிவில், ஒன்பது மாநிலங்களில் இதற்கென்றே கூடும் தனி அவைகள் ஏற்றால் போதும் என்று போட்டார்கள். சட்டப்படி பார்த்தால் துணிச்சலான மீறல் அது. ஆனால் சட்டமன்றம் வேண்டாம், தனி அவைதான் வேண்டும் என்ற அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். கதவைச் சாத்தி எழுதியதைத் திறந்த அவைகளில் வைத்தே ஆகவேண்டியிருந்தது. அங்கே சுலபமாக நிறைவேறவும் இல்லை. மாசசூசெட்ஸில் ஆதரவு 187, எதிர்ப்பு 168; வர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27. ரோட் ஐலண்டு நேரடியாக மக்களிடமே ஓட்டுக்கு விட்டது: ஆதரவு 237, எதிர்ப்பு 2,708. அது 1790-இல்தான் வந்து சேர்ந்தது. மாசசூசெட்ஸ் அவை, திருத்தங்களைப் பரிந்துரைக்கிறோம் என்ற இணைப்போடுதான் சம்மதம் கொடுத்தது. வேறு மாநிலங்களும் அதே வழியில் போயின. அந்த நெருக்கடியிலிருந்துதான் 1791-இன் பத்து உரிமைத் திருத்தங்கள் வந்தன.

ஆகவே மக்களைக் கேட்டார்கள். ஆனால் எல்லோரையும் கேட்கவில்லை. அடிமை என்ற சொல்லை எழுதக் கூச்சப்பட்டு 'மற்ற நபர்கள்' என்று எழுதி, அவர்களில் ஐந்தில் மூன்று பங்கை எஜமானர்களின் மாநிலத்துக்குப் பிரதிநிதி எண்ணிக்கையாகக் கொடுத்தார்கள். 1808 வரை அடிமை வியாபாரத்தைத் தடுக்கக்கூடாது என்றும் எழுதினார்கள். இதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. நீங்கள் கோபப்படுவது சரி.

ஆனால் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனமில்லை. பெர்க்ஷைரில் ஷெஃபீல்டு என்ற ஊரில் ஜான் ஆஷ்லி என்ற செல்வந்தரின் வீட்டில் பெட் என்ற அடிமைப் பெண் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். எஜமானி பழுக்கக் காய்ந்த, தணல் அள்ளும் கரண்டியை ஓங்கியபோது இன்னொருத்தியைக் காக்கக் குறுக்கே போய்க் கையில் சூடு வாங்கியவர். புதிய அரசமைப்பின் 'சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள்' என்ற வரியைப் பிறர் பேசக் கேட்டு, தியோடர் செட்ஜ்விக் என்ற வக்கீலிடம் போய், அந்தச் சட்டம் எனக்கும் சேர்த்துத்தானே என்று கேட்டதாகச் சொல்வார்கள். வழக்கு 1781 ஆகஸ்டில் நடந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் 1,500 பேர் நடக்கவிடாமல் தடுத்த அதே கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்தில். ஜூரி அவரை விடுவித்து, ஆஷ்லி அவருக்கு 30 ஷில்லிங் கொடுக்கவேண்டும் என்றது. ஹார்ட்விக் ஊர் சேர்க்கச் சொல்லிக் கிடைக்காமல் போன பொருளை அவர் வாதாடி வாங்கினார். 1790 மக்கள்தொகைக் கணக்கில் மாசசூசெட்ஸில் அடிமைகள் என்ற கட்டத்தில் ஒருவர்கூட இல்லை.

விடுதலையானதும் அவர் தனக்கு எலிசபெத் ஃப்ரீமேன் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஆஷ்லி கூலி தருவதாகக் கூப்பிட்டும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

அன்புடன்.