ரொட்டியை ஏன் விட்டீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற கோடையில் குடும்பத்தோடு ஸ்பெயினின் செவில் நகரில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். அந்த வெயிலில் எங்களைக் காப்பாற்றியது கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப்தான். கோவை திரும்பியதும் நண்பர்களை அழைத்து அதையே செய்து கொடுத்தேன். ரொட்டி வீண் மாவுச்சத்து என்பதால் சேர்க்கவில்லை. ஆலிவ் எண்ணெயும் பேருக்குத்தான். ‘தக்காளி ஜூஸ் நன்றாக இருக்கிறது’ என்றார்கள். ஒருவர் சூடாக்கித் தரச் சொன்னார். குளிர்ந்த சூப்பை நம்மவர்கள் ரசிக்கவே மாட்டார்களா? நம் நாக்குக்கு ஏற்ப அதை மாற்றலாமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர்கள் சாப்பிட்டறியாத ஒன்றைச் செய்து வைத்துவிட்டு, முதல் வாய் வைக்கும்போது அவர்கள் முகத்தையே பார்த்து நிற்கும் தவிப்பு எனக்குத் தெரியும். அந்த ஆசை குறையவே கூடாது. சூடாக்கச் சொன்னவரை விட்டுத்தள்ளுங்கள். நாக்கு விஷயமும் பெரிதில்லை. பச்சை மிளகாய் வேண்டுமா, போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ரொட்டியை ‘வீண்’ என்று எழுதிவிட்டீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சமையல் வீடியோக்களில் ஒன்றன்பின் ஒன்றாக ரொட்டி காணாமல் போவதைப் பார்த்து ஏற்கெனவே புழுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது நீங்களும்.

கஸ்பாச்சோவின் உடம்பே ரொட்டிதான். 1611இல் செபாஸ்தியான் தெ கொவாருபியாஸ் தொகுத்த ஸ்பானிய அகராதியில் அது இருக்கிறது. வாட்டிய ரொட்டி, எண்ணெய், வினிகர், இன்னும் சில சாமான்கள் என்கிறார். தக்காளியைப் பற்றிப் பேச்சே இல்லை. அறுவடைக்காரர்களும் முரட்டு ஜனங்களும் தின்பது என்று ஒரு குத்தல் வேறு. தக்காளியும் குடைமிளகாயும் அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்கு வந்து, நெடுங்காலம் கழித்துத்தான் அந்தக் கிண்ணம் சிவந்தது. தக்காளியே இல்லாத உறவுக்காரர் ஒருவர் இன்றும் மாலகாவில் உயிரோடு இருக்கிறார்: அஹோபிளாங்கோ. பாதாம், பூண்டு, ஊறிய ரொட்டி, எண்ணெய், வினிகர், மேலே சில திராட்சைப் பழங்கள். பால் வெள்ளையாக இருக்கும். கோர்தோபாவின் சால்மொரேஹோவில் ரொட்டி இன்னும் அதிகம், கூழ் பதத்துக்கு வந்துவிடும். தக்காளியை எடுத்துவிட்டாலும் அந்தக் குடும்பத்தில் ஒன்று மிஞ்சும். ரொட்டியை எடுத்தால் மிஞ்சுவது ஜூஸ். உங்கள் நண்பர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஸ்பெயினிலேயே ரொட்டி போடாமல் செய்கிறவர்கள் உண்டு. அவர்களிடமும் இதையேதான் சொல்வேன்.

அதே மாலகா மாகாணத்தில், அன்தெகேரா பக்கம் ஒரு சிற்றூரில் ஒரு கோடை முழுக்க வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. மிக்ஸி இருந்தும் மரக்கிண்ணத்தில்தான் இடிப்பார். முதலில் பூண்டும் உப்பும், அப்புறம் ஊறவைத்த பழைய ரொட்டி, அப்புறம் எண்ணெய் சொட்டுச் சொட்டாக. தண்ணீர் கடைசியில். அவருடைய அப்பா பெரிய பண்ணைகளில் தினக்கூலி. வயலில் ஒரே பெரிய கிண்ணத்தைச் சுற்றி ஆட்கள் நிற்பார்களாம். ஒரு கரண்டி எடுத்ததும் ஓர் அடி பின்னால் போய்விட வேண்டும், அடுத்தவருக்கு இடம் விட. உள்நாட்டுப் போர் முடிந்த 1939 முதல் 1952 வரை அங்கே ரேஷன் காலம். ரொட்டிக்கும் அட்டை. அந்த அம்மாவின் குழந்தைப் பருவம் முழுக்க அதில் போயிற்று. கீழே விழுந்த ரொட்டித் துண்டை எடுத்து முத்தமிட்டுத்தான் மேசையில் வைப்பார். ஒருநாள் பேத்தி, ‘எனக்கு ரொட்டி போடாமல் செய், எடை கூடுகிறது’ என்றாள். ‘பசி என்றால் என்னவென்று தெரியாதவள் பேச்சைப் பார்’ என்று அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. நான் அந்த அம்மாவின் கட்சி. காய்ந்து கல்லாகிப்போன ரொட்டியை, வெயிலில் நாளெல்லாம் குனிந்து நிற்கிறவன் சாப்பிட முடிகிற ஒன்றாக மாற்றியவர்களின் சமையல் அது. நம் உழவர்களின் நீராகாரம் போலத்தான். அதிலிருந்து சோற்றை வடித்து எறிந்துவிட்டு விருந்தாளிக்குக் கொடுப்பீர்களா?

சரி, மறுபடி செய்யுங்கள். நன்றாகப் பழுத்த தக்காளி ஒரு கிலோ, சின்ன வெள்ளரிக்காய் ஒன்று, பச்சைக் குடைமிளகாய் பாதி, பூண்டு ஒரு பல், முந்தைய நாள் ரொட்டி ஐம்பது கிராமுக்குக் குறையாமல். இனிப்பு ரொட்டி வேண்டாம், கெடுத்துவிடும். ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து எல்லாவற்றோடும் அரையுங்கள். மிக்ஸி ஓடும்போதே நல்ல ஆலிவ் எண்ணெயை நூலாக விடுங்கள், நூறு மில்லி வரை போகலாம். சிவப்பு மெல்ல ஆரஞ்சாக மாறும். எண்ணெயும் நீரும் ஒன்றாகச் சேர்ந்ததற்கு அதுதான் அடையாளம். ‘பேருக்கு’ விட்டால் இது நடக்காது. நம் நாட்டுத் தக்காளியே புளிக்கும், அதனால் வினிகரை ருசி பார்த்துச் சேருங்கள். வடிகட்டி, ஃபிரிட்ஜில் சில மணி நேரம். ஐஸ் கட்டி மட்டும் போடாதீர்கள், நீர்த்துப்போகும்.

அடுத்த முறை ஸ்பெயின் போனால் செவிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். செப்டம்பர் தொடக்கத்தில் மாலகா மலைப்பக்கம் அல்மாச்சார் என்ற சிற்றூரில் அஹோபிளாங்கோவுக்கென்றே திருவிழா எடுக்கிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் ஊரே ஊற்றிக் கொடுக்கிறது, திராட்சையோடு. பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.