எக்ஸ்சேஞ்ச்ல லியோன் போறவங்க கேட்டது: ரூம் அட்வான்ஸ், குக்கர், செகண்ட்ஹேண்ட் சைக்கிள்

கேள்வி: வணக்கம்மா. என் பொண்ணு இன்ஜினியரிங் மூணாவது வருஷம், எக்ஸ்சேஞ்ச்ல பிரான்ஸ்ல லியோன் பக்கத்துல வில்லர்பான்ல அஞ்சு மாசம் படிக்கப் போறா. ஹாஸ்டல்ல இடம் கிடைக்கல. நெட்ல ஒரு ரூம் பாத்தோம், 18 சதுர மீட்டர், கட்டில் மேஜையெல்லாம் இருக்கு, வாடகை 520 யூரோ, அதுபோக தண்ணி, மெயின்டனன்ஸ்னு 40 யூரோ. ஓனர் இப்ப வேற நாட்டுல இருக்காராம், ரெண்டு மாச அட்வான்ஸ் 1,040 யூரோ அனுப்பிட்டா சாவிய கூரியர்ல அனுப்பிடுறேங்கறார். அனுப்பலாமா?

பதில்: சார், அனுப்பவே அனுப்பாதீங்க. "வெளிநாட்டுல இருக்கேன், பணம் போட்டா சாவி கூரியர்ல வரும்"னு சொல்ற கதை அங்க வர்ற ஸ்டூடன்ட்ஸ வச்சு வருஷா வருஷம் நடக்குற ஏமாத்து வேலை. போட்டோ வேற ஏதோ ஒரு வீட்டோடதா இருக்கும். யாராவது ஒருத்தர் நேர்ல போயி கதவைத் திறந்து பாத்து, அக்ரிமென்ட்ல ரெண்டு பேரும் கையெழுத்து போடுற வரைக்கும் ஒரு யூரோ கூட போகக்கூடாது. காலேஜோட இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு மெயில் போட்டுக் கேளுங்க, ஏற்கெனவே அங்க இருக்குற நம்ம பசங்க யாரையாவது ரூமைப் பாக்க அனுப்புங்க, இல்லன்னா முதல் பத்து நாள் எங்கயாவது தங்கிட்டு பொண்ணே நேர்ல தேடட்டும், செலவு கொஞ்சம் கூடத்தான் ஆகும், ஆனா ஆயிரம் யூரோ போறதுக்கு இது எவ்வளவோ மேல்.

இன்னொண்ணு. நம்ம ஊர்ல பத்து மாச அட்வான்ஸ் பாத்துப் பழகின நமக்கு ரெண்டு மாசம்னா கம்மியாத்தான் தெரியும். ஆனா அவளுக்கு அதுவும் தேவையில்லாம போகலாம். 'பாய் மொபிலித்தே'ன்னு ஒரு அக்ரிமென்ட் இருக்கு, 2018ல வந்த சட்டம், படிக்க வர்றவங்க, இன்டர்ன்ஷிப் வர்றவங்களுக்குன்னே போட்டது, ஒரு மாசத்துல இருந்து பத்து மாசம் வரைக்கும். அதுல ஓனர் அட்வான்ஸ் கேக்கவே கூடாது. சாதாரண ஃபர்னிஷ்டு வீட்டு அக்ரிமென்ட்னா அதிகபட்சம் ரெண்டு மாச வாடகை, அதுவும் அந்த 40 யூரோவ சேக்காம. அஞ்சு மாசத்துக்குப் போற பொண்ணு முதல்ல கேக்க வேண்டியதே "பாய் மொபிலித்தே போடுவீங்களா"ன்னுதான்.

ஜாமீனுக்கு பிரான்ஸ்ல சம்பளம் வாங்குற ஆள் வேணும்னு சில ஓனருங்க கேப்பாங்க. அதுக்கு 'விசால்'னு ஒரு இலவச ஜாமீன் இருக்கு, முப்பது வயசு வரைக்கும் உள்ளவங்க ஸ்டூடன்ட் விசா வச்சு ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், ஆனா அக்ரிமென்ட் கையெழுத்தாகுறதுக்கு முன்னாடியே அந்த சர்டிபிகேட் கையில இருக்கணும். அப்புறம் லியோன்லயும் வில்லர்பான்லயும் 2021 நவம்பர்ல இருந்து வாடகைக்கு உச்சவரம்பு போட்டிருக்காங்க. ஏரியா, கட்டடம் கட்டின வருஷம், எத்தனை ரூம், ஃபர்னிஷ்டா இல்லையாங்கறத வச்சு சதுர மீட்டருக்கு இவ்வளவுன்னு வரும், ரூம் பாத்ததும் அந்தக் கணக்கைப் போட்டுப் பாத்துருங்க. வீட்டு இன்ஷூரன்ஸ் கட்டாயம், அதை மறந்துடாதீங்க.

கேள்வி: அக்கா, அம்மா மூணு லிட்டர் குக்கர், இட்லிப் பானை, மிக்ஸி எல்லாத்தையும் பெட்டில வைக்கிறாங்க. ஸ்வெட்டர், கோட்டெல்லாம் சென்னையிலேயே வாங்கிட்டுப் போகவா?

பதில்: குக்கர் அடியில ஒரு காந்தத்த வச்சுப் பாரும்மா. ஒட்டலைன்னா இங்கயே விட்டுட்டுப் போ. அங்க சின்ன ரூம்கள்ல நிறைய இடத்துல இண்டக்‌ஷன் அடுப்புதான், அலுமினிய குக்கரும் இட்லிப் பானையும் அது மேல சும்மா உக்காந்திருக்கும், சூடே ஏறாது. கண்ணாடி மாதிரியே இருந்தாலும் உள்ள சிவப்பா எரியுற கரண்ட் அடுப்பும் உண்டு, அதுல அலுமினியம் ஓடும், அதனால ரூம் முடிவானதும் அடுப்பு என்ன வகைன்னு போட்டோ அனுப்பச் சொல்லு. வாங்குறதா இருந்தா இண்டக்‌ஷன் அடி வச்ச ஸ்டீல் குக்கர் சின்னதா ஒண்ணு போதும்.

மிக்ஸி வேண்டாம். கரண்ட் வோல்டேஜ் நம்மளதேதான், ஆனா நம்ம மூணு முள் ப்ளக் அந்த ஊர் பாயின்ட்ல ஏறாது, எர்த் இல்லாத மலிவு அடாப்டர்ல மிக்ஸிய ஓட்டுறது நல்லதில்ல. மெல்லிசா ரெண்டு முள் வச்ச போன் சார்ஜர் அப்படியே போகும். அரிசி, பருப்பு, மசாலாவுக்கு லியோன்ல கியோத்தியேர் ஏரியாவுக்குப் போ, ஆசியக் கடைங்க வரிசையா இருக்கு. பெட்டில மிச்சமாகுற அந்த கிலோ கணக்க உன் புக்கு, மருந்துக்கு வச்சுக்கோ.

கோட்டு ஒண்ணு மட்டும், இறங்குற அன்னைக்குப் போட்டுக்க. மீதிய அங்க வாங்கு. எம்மாவுஸ்னு ஒரு அமைப்பு, 1949ல ஆரம்பிச்சது, பழைய துணி, பாத்திரம், மேஜை, லேம்ப்னு சரிபண்ணி ரொம்பக் கம்மி விலைக்கு விக்கும், நான் போட்டுத் திரிஞ்ச கம்பளிக் கோட்டு அங்க வாங்கினதுதான். புதுசு வேணும்னா வருஷத்துல ரெண்டு தடவை, ஜனவரியிலயும் ஜூன் கடைசியிலயும், நாலு நாலு வாரம் 'சோல்ட்'னு அரசாங்கமே தேதி குறிச்ச தள்ளுபடி வரும். ஒரு விஷயம், கடையில நேர்ல வாங்கினத "பிடிக்கல"ன்னு திருப்பிக் குடுக்க சட்டப்படி உரிமை இல்ல, கடைக்காரங்களா ஒத்துக்கிட்டாத்தான். கம்பெனிகிட்ட ஆன்லைன்ல வாங்கினா, பொருள் கைக்கு வந்ததுல இருந்து 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பலாம்.

கேள்வி: நெட்ல பழைய சைக்கிள் ஒண்ணு 80 யூரோவுக்கு வருது. வாங்கலாமா? பழுதானா யாரைக் கேக்குறது?

பதில்: யார் விக்கிறாங்கங்கறதுதான் விஷயம். கடைக்காரர்கிட்ட வாங்கின பழைய பொருளுக்கும் ரெண்டு வருஷ சட்ட கேரன்டி உண்டு, முதல் 12 மாசத்துல வந்த பழுது வாங்குறப்பவே இருந்ததாத்தான் எடுத்துப்பாங்க, நீங்க நிரூபிக்க வேண்டாம். தனி ஆள்கிட்ட வாங்கினா அந்த பலம் கிடையாது, ஆன்லைன்ல வாங்கினத திருப்புற அந்த 14 நாளும் கிடையாது. நேர்ல போயி ஓட்டிப் பாத்துட்டு கையில காசு குடுங்க, "டெலிவரிக்கு இந்த லிங்க்ல கட்டுங்க"ன்னா அங்கயே விட்ருங்க. ஃபிரேம்ல நம்பர் பொறிச்சிருக்கான்னு பாருங்க. கடையில விக்கிற சைக்கிளுக்கு 2021ல இருந்து அது கட்டாயம், திருட்டு சைக்கிளான்னு அந்த நம்பரை ஆன்லைன்ல போட்டுப் பாத்துக்கலாம். அஞ்சு மாசத்துக்குத்தான் போறீங்கன்னா வாங்கவே வேண்டாம், ஊரெல்லாம் வெலோவ் வாடகை சைக்கிள் நிக்குது, 2005ல இருந்தே ஓடுது.

கேள்வி: ஒன்பது மாச அக்ரிமென்ட், அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புறேன் அக்கா. ரெண்டு மாச அட்வான்ஸ் எப்ப வரும்? பேங்க் அக்கவுன்ட்ட மூடிடவா?

பதில்: மூடாதீங்க! அட்வான்ஸ் வந்து சேர்ற வரைக்கும் அக்கவுன்ட் இருக்கட்டும். வீடு குடுத்தப்ப இருந்த மாதிரியே இருந்தா சாவி குடுத்து ஒரு மாசத்துக்குள்ள, சேதம்னு ஏதாவது எழுதினா ரெண்டு மாசத்துக்குள்ள திருப்பணும். அட்வான்ஸ்ல காசு பிடிச்சா ஓனர் பில்லோ எஸ்டிமேட்டோ காட்டணும். லேட் பண்ணினா ஒவ்வொரு மாசத்துக்கும் வாடகையில 10 சதவீதம் சேத்துத் தரணும்.

எல்லாமே 'எத்தா தே லியூ'ங்கற தாள்லதான் இருக்கு, வீடு என்ன நிலைமைல இருக்குன்னு எழுதி கையெழுத்து போடுறது, உள்ள போறப்ப ஒண்ணு, வெளிய வர்றப்ப ஒண்ணு. நான் முதல் ரூமுக்குப் போனப்ப சமையல் மேடைல டம்ளர் அடி அளவுக்கு பழுப்பா ஒரு சுட்ட வட்டம் இருந்துச்சு, மேல தட்டு காயப்போடுற ஸ்டாண்ட் இருந்ததால நான் கவனிக்கல, தாள்ல "நல்ல நிலை"ன்னு இருந்ததுக்குக் கீழ கையெழுத்து போட்டுட்டேன். காலி பண்றப்ப ஓனர் நேரா அந்த ஸ்டாண்டத் தூக்கி வட்டத்த விரலால தடவிக் காட்டினார், 180 யூரோ போச்சு. உள்ள போயி பத்து நாளுக்குள்ள "இதை விட்டுட்டோம், சேருங்க"ன்னு எழுதிக் கேக்கலாம்னு எனக்கு அப்ப தெரியாது. புதுசா போறவங்க மெத்தைக்கு அடி, சிங்க்குக்குக் கீழ, மீட்டர் நம்பர் எல்லாத்தையும் முதல் நாளே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

உங்களுக்கு இனிமே வெளிய வர்ற தாள்தான். அதுல ஒத்துக்க முடியாதது இருந்தா கையெழுத்துக்கு முன்னாடியே உங்க கருத்த அங்கயே எழுதுங்க, காப்பி வாங்கிட்டு, புது அட்ரஸையும் பேங்க் விவரத்தையும் எழுதிக் குடுத்துட்டு வாங்க. தேதி தாண்டியும் வரலைன்னா அக்னாலட்ஜ்மென்டோட ரிஜிஸ்டர் லெட்டர் அனுப்புங்க, அதுக்கும் அசையலைன்னா மாவட்ட சமரசக் குழு இருக்கு, காசு கிடையாது. போன், கரண்ட், இன்ஷூரன்ஸ் மூணையும் இந்த வாரமே நிறுத்தச் சொல்லிடுங்க, போன் பிளானை இப்பல்லாம் ஆன்லைன்லயே கேன்சல் பண்ணலாம், 2023 ஜூன்ல இருந்து அந்த வசதிய குடுத்தே ஆகணும்னு சட்டம்.